இருநூற்று முப்பது வோல்ட்டில் ஆறு பங்கு

இதனால் காஜா பேராங் வட்டாரத்துச் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், வெள்ளைக்காரன் இந்த நாட்டை விட்டுப் போவதற்கு முன்னதாகவே, திருவாளர் கலியாணசுந்தரம் அவர்களின் டோபிக் கடையை விட்டுக் கரி போய்விட்டது; மின்சார யுகம் பிறந்துவிட்டது. ஆறு மின்சார இஸ்திரிப் பெட்டிகளுக்கும் சந்தனம் தெளித்து மாலை போட்டு, முதலாளி சொற்பொழிவும் ஆற்றினார். பெட்டி விற்றவன் சொல்லிக்கொடுத்ததை மந்திரம் போல மூன்று தடவை ஓதினார்: "வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்டு, வகுத்தால் தடை." யாருக்கும் புரியவில்லை. அவருக்கும்தான். கைதட்டினார்கள், தட்டாவிட்டால் வடை கிடைக்காது.

மின்சார யுகத்திலும் பொழுது பழையபடிதான் விடிந்தது. கோழி கூவும் முன்பே பூங்காவனம் மேசைக்கு முன்னால் நிற்பாள். கஞ்சி போட்டு விறைத்த காற்சட்டைகள் இடுப்புயரம் குவிந்திருக்கும். நீர் தெளித்துப் பெட்டியை அழுத்தினால் ஆவி முகத்தில் அறையும். மோவாயில் வழியும் வியர்வையைத் தோளில் துடைத்துவிட வேண்டும். துணியில் விழுந்தால் அதற்குக் கறை, இவளுக்கு ஏச்சு. பக்கத்து மேசையில் அவள் தம்பி தியாகு. எதிர் வரிசையில் வாய்த்துடுக்கு சாரதாம்பாள், பொன்னுதுரை, கணபதி, அவன் பெண்டாட்டி அலமேலு.

ஆறு பெட்டிக்கும் ஒரே வயர். அதுவும் விளக்குக்குப் போட்டது. கூரையில் தொங்கிய ஒற்றை விளக்கிலிருந்து கிளைக்கு மேல் கிளை சொருகி, ஆல விழுது போல ஆறு வயர்கள் இறங்கின. முதல் வாரம் ஃபியூஸ் தினமும் அறுந்தது. முதலாளி அதை எடுத்துப் போட்டுவிட்டுத் தடித்த செப்புக் கம்பியை வைத்து முறுக்கினார். அப்புறம் அறுபடவே இல்லை. கரண்டுக்கு மரியாதை கற்றுக்கொடுத்துவிட்டதாக உஜோங் பாசிர் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வயர் கொதிக்கிறது, ரப்பர் நாறுகிறது என்று சாரதாம்பாள் முறையிட்டபோது விளக்கமும் கொடுத்தார். வருவது இருநூற்று முப்பது வோல்ட்டு. ஆறு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு நாற்பதுகூடத் தேறாது. அது வெறும் எறும்புக்கடி. அவர்களும் நம்பினார்கள். ஒரு சட்டிச் சோற்றை ஆறு பேர் தின்றால் ஆளுக்குக் குறையும் என்பது அந்த ஆறு வயிறும் பிறந்ததிலிருந்து படித்த கணக்கு.

மெர்டேக்கா என்ற சுதந்திர விழா நெருங்க, பேண்டு வாத்தியக்காரர்களின் உடுப்புகள் வந்து குவிந்தன. ஒரு காலையில் உருகிய ரப்பரிலிருந்து கம்பி நழுவி, தியாகுவின் ஈரத்துணிக் குவியலில் விழுந்தது. துணியைக் காப்பாற்றக் கை நீட்டினான். வலது உள்ளங்கை வெந்துபோயிற்று.

ஈரக் கையால் தொட்டது அவன் குற்றம் என்றார் முதலாளி. டோபிக் கடையில் ஈரக் கை இல்லாதவர் முதலாளி ஒருவர்தான். நழுவிய வயரைத் திரும்ப முறுக்கிக் கட்டியதோடு, தியாகுவுக்கு வேலை இல்லை, சனிக்கிழமைக்குள் அக்காளும் தம்பியும் கடைப் பின்னறையைக் காலி செய்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் பொன்னுதுரை ஆறிய பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். தகட்டில் 230 வோல்ட்டு, 2 ஆம்பியர் என்றிருந்தது. முதலாளியின் மந்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். வகுத்தார்கள்: தடை நூற்றுப் பதினைந்து ஓம். பெருக்கினார்கள்: நானூற்று அறுபது வாட்டு.

"அதான் ஆறு பங்காப் போவுதே" என்றாள் அலமேலு.

"பங்கு போவுதுன்னா, ஆறாவது பெட்டியச் சொருவினதும் என் பெட்டி ஆறிப் போவணும்ல?" என்றாள் சாரதாம்பாள். "என்னைக்காச்சும் ஆறிச்சா?"

எந்தப் பெட்டியும் ஆறியதில்லை. ஒவ்வொன்றும் முழு இருநூற்று முப்பதையும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. கூடிக்கொண்டே போனது ஆம்பியர். ஆறிரண்டு பன்னிரண்டு, எல்லாம் அந்த ஒற்றை வயரில். ஃபியூஸ் பெட்டியின் பீங்கான் மூடியிலோ ஐந்து ஆம்பியர்தான் தாங்கும் என்று போட்டிருந்தது. துணிக்குக் குறி போடும் சேங்கொட்டை மையால் பொன்னுதுரை மேசை விரிப்பிலேயே அந்தக் கணக்கை எழுதினான். எத்தனை வெளுத்தாலும் போகாத மை.

பூங்காவனம் அதைக் குனிந்து பார்த்தாள். "இங்க ஈரம் எப்பவும் இருந்திச்சு. வயரு உருகுனதுதான் புதுசு" என்றாள்.

விழா மேடைக்கான வெள்ளைக் கோட்டோடு முதலாளி வந்தபோது இரண்டு பெட்டிதான் ஓடின. மூன்று பேர் கைகட்டி நின்றார்கள்.

"என்ன, மெர்டேக்கா இன்னைக்கே வந்திருச்சா?"

"இந்த வயரு ரெண்டு பெட்டிதான் தாங்கும் முதலாளி" என்றாள் பூங்காவனம். "மத்ததுக்குப் புது வயரு போடுங்க. தியாகுவத் திரும்ப எடுங்க. அதுவரைக்கும் ரெண்டுலதான் மாத்தி மாத்தி நிப்போம்."

"சூசா பண்ணாத, தொல்லை குடுக்காத. கரண்டப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

முதலாளி மறுபடியும் எறும்புக்கடியை ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை.

"அப்ப ஆறையும் சொருவுறோம். பெட்டிய நாங்க புடிக்கிறோம், அந்த வயர நீங்க புடிச்சுக்குங்க. எறும்புதானே."

முதலாளி அண்ணாந்து பார்த்தார். ரப்பர் கொப்புளம் கொப்புளமாய் வெடித்துக் கிடந்தது. கையை மெல்லச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பத்து பெரெண்டாம் ஊரில் அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. சனிக்கிழமை சாமான் தெருவில் கிடக்கும், செங் ஊரில் வேலைக்கு ஆள் இருக்கிறது என்று வாசலில் நின்று சொல்லிப் போனார்.

சனிக்கிழமை இரண்டு சுமைகூலிகளை அழைத்து வந்தார். பின்னறையில் கால் வைக்க இடமில்லை. சாரதாம்பாளின் சட்டி, பொன்னுதுரையின் பாய், கணபதி அலமேலுவின் தகரப்பெட்டி எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருந்தன. நடுவில் தியாகு, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அந்த விரல்கள் இனி மடங்குமா என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை.

"இதுல எது தூக்கணும்? யாரு சாமான் எது?" என்று கேட்டான் ஒரு கூலி.

"எல்லாம் எங்களுது" என்றாள் பூங்காவனம்.

அவன் தியாகுவின் கையைப் பார்த்தான். கூட வந்தவனைப் பார்த்தான். இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தார்கள். முதலாளி கத்தினார். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. அலமேலு அவர்களுக்கும் சேர்த்துக் காப்பி கலக்கினாள். கூலிகளோடு சேர்த்து இந்த எட்டுப் பேரையும் ஒரேயடியாகத் தெருவில் தள்ள முடியாது என்று பூங்காவனத்துக்கு முதல்முறையாகத் தோன்றியது.

அந்த மாதக் கடைசியில் நாடு சுதந்திரம் அடைந்தது. புது வயர் வரவில்லை.