கப்டன் எபினேசர் சொன்ன வேண்டாம்

ஊர் விட்டு வந்து குடியேறிய வெளிநாட்டில், ஒனிஹங்கா என்ற இடத்தில், மழை விட்டால் ஆட்கள் என்ன பிழை நடந்துவிட்டதென்று வெளியே வந்து வானத்தைப் பார்க்கும் காலம் அது. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறு. குணரத்தினம் பக்கத்துப் பென்ரோஸில் ஒரு புத்தகக் களஞ்சியத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

விட்டு வந்த ஊரில் அவர் கிராமசபைத் தலைவர். பள்ளிக்கூடத்து மாணவர் கடேற் படைக்கு லெப்டினன்டும் அவர்தான். தெருவில் இறங்கினால் சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி நின்று "தலைவர்" என்பார்கள். மாடுகளும் ஒதுங்கி நிற்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். மாடுகளை விசாரிக்க வழியில்லை. பென்ரோஸில் மேற்பார்வையாளனான பொடியன் அவரைக் "குணா" என்றான், அதுவும் பெட்டி தேவைப்பட்டால் மட்டும். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு நிற்க, இவர் அணிவகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று சாண்ட்விச் தின்பார்.

ஒருநாள் களஞ்சியக் கூரை ஒழுகி ஒரு கட்டுப் புத்தகம் நனைந்துபோயிற்று. எறியச் சொன்னார்கள். குணரத்தினம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹீட்டருக்கு முன்னால் காயவைத்தார். இருநூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்காவில், ஒரு சின்ன ஊரில், ஊர்ச்சபைக்காரராகவும் ஊர்க்காவல் படைக்குக் கப்டனாகவும் இருந்த எபினேசர் என்பவரின் வாழ்க்கை வரலாறு. கடைசிப் பக்கங்கள் கஞ்சியாகிவிட்டன. அது அவருக்கு வசதியாகவே இருந்தது.

சனிக்கிழமைகளில் நண்பர் சோதிலிங்கத்தின் வீட்டில் கூடுகிற குடும்பங்களுக்கு அவர் இந்தக் கதையைத் தவணை முறையில் சொல்லத் தொடங்கினார். எபினேசர் என்ற பெயரைக் கேட்டுப் பலர் அவரை, மிஷன் பள்ளிக்கூடமும் வேதக்காரப் பெயர்களும் மலிந்த தெல்லிப்பழைக்காரர் என்றே நினைத்தார்கள். ஊர்ச்சபையில் எபினேசருக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அயலவர்களின் வேலிகளைப் பார்வையிட்டு வழக்குத் தீர்ப்பது என்று குணரத்தினம் சொன்னபோது, வேலி வழக்கில்லாத வீடே இல்லாத ஊரிலிருந்து வந்தவர்களுக்குச் சந்தேகம் அறவே தீர்ந்தது.

"அப்ப எங்கட ஆள்தான்," என்றார் சோதிலிங்கம்.

படைக்கு ஆள் சேர்த்தபோது சுடத் துவக்கு இல்லாதவன் விளக்குமாற்றோடு வந்தானாம். ஒருமுறை எதிரிகள் துவக்குக்கு அசையாமல் நின்று, விளக்குமாற்றைக் கண்டதும் ஓடினார்களாம். குணரத்தினம் முகத்தில் ஒரு தசையும் அசையாமல் இதைச் சொல்வார். "புத்தகத்திலை கிடக்கு," என்பார்.

அந்தப் படையில் ஒரு வழக்கம் இருந்தது. கப்டனைப் படைவீரர்களே ஆண்டுதோறும் தொப்பியை உயர்த்தித் தெரிவு செய்வார்கள். வென்றவர் எல்லோருக்கும் ஒரு பீப்பாய் ரம் வாங்கிக் கொடுக்கவேண்டும். ஒரு வருடம் எபினேசர் மரியாதைக்காக எழுந்து, "எனக்கென்ன தகுதி, வேறு ஆளைப் பாருங்கள்," என்றார். அவருடைய உயிர் நண்பனான லெப்டினன்ட் உடனே எழுந்து, "அவர் விருப்பத்தை மதிப்போம்," என்று தொப்பியைக் கழற்றினான். பின்னேரம் அவன்தான் கப்டன்.

குணரத்தினம் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார். "வெள்ளைக்காரனுக்கு வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். எங்கட ஆக்கள் எண்டால் மூண்டு தரமாவது கெஞ்சியிருப்பினம்."

எல்லோரும் சிரிப்பார்கள். சோதிலிங்கம் மட்டும், "அந்த இடத்தை இன்னொருக்கால் சொல்லுங்கோ அண்ணை," என்பார். அவரைப்போலக் கதை கேட்பவர் இல்லை என்று குணரத்தினம் பெருமைப்பட்டார்.

அந்த வருடம் தமிழ்ச் சங்கத் தலைவர் அந்தோணிசாமி பதவி விலகினார். ஈப்போ நகரத்துத் தமிழரான அவருக்குக் கூட்டம் முடிந்து குனிந்து குனிந்து கதிரை அடுக்கி முதுகடியில் நாரி பிடித்துவிட்டது. தலைவர் பதவி என்றால் அதுதான்: கதிரை அடுக்குவது, மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது. ஆனால் கதிரை அடுக்குகிறவரை எல்லோரும் "தலைவர்" என்று கூப்பிடுவார்கள். குணரத்தினத்துக்கு அந்த ஒரு சொல் போதும். அதை அவர் ஒருவரிடம்தான் வாய்விட்டுச் சொன்னார்.

"அதுக்கென்ன அண்ணை," என்றார் சோதிலிங்கம். "உங்கட பேரை நான் பிரேரிக்கிறன். நீங்கள் வழமைபோல வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் விடமாட்டன்."

குணரத்தினம் கோட்டைத் தேய்த்தார். வேண்டாம் என்று சொல்லுகிற விதத்தைக் குளியலறைக் கண்ணாடியில் ஒத்திகையும் பார்த்தார்.

கூட்டத்தில் சோதிலிங்கம் சொன்ன வார்த்தை பிசகாமல் பெயரைப் பிரேரித்தார். கை தட்டினார்கள். குணரத்தினம் எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"நான் வயசு போனவன். எனக்கேன் இந்தப் பதவி? வேறை ஆரையும் பாருங்கோ."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். முழுதாக இருக்கவில்லை. திரும்ப எழும்பத்தானே வேண்டும் என்று கதிரைக்கு ஒரு சாண் மேலே நின்றுகொண்டார்.

சோதிலிங்கம் எழுந்தார். "அண்ணை மனம் விட்டுச் சொல்லிப்போட்டார். அவற்ற விருப்பத்தை மதிப்பம். கரைச்சல் குடுக்கக் கூடாது."

"அப்படியா?" என்றார் அந்தோணிசாமி. "சரி, சார் வேணாங்கிறாரு. வேற யாரு?"

குணரத்தினத்தின் வாய் திறந்தது. எனக்கு வேண்டும் என்று சொல்ல இரண்டே சொல் போதும். அவருடைய பரம்பரையில் யாரும் சபையில் அந்தச் சொற்களைப் பாவித்ததில்லை; வாய்க்கு வழி தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ, "சோதியே இருக்கட்டுமே," என்றார்கள். அந்தோணிசாமி சோதிலிங்கத்தைப் பார்த்தார்.

"சபை விரும்பினால், ஓம்," என்றார் சோதிலிங்கம். முதல் முறையிலேயே.

குணரத்தினம் மீதி ஒரு சாணையும் இறங்கி இருந்தார்.

அடுத்த ஞாயிறு சோதிலிங்கம் வீட்டில் விருந்து. போகாவிட்டால் நாலுபேர் காரணம் தேடுவார்கள் என்று குணரத்தினம் போனார். புதுத் தலைவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"கோவமோ அண்ணை? நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள்."

"ஓம். நான்தான் சொன்னனான்."

"உங்களுக்கும் நாரி நோகாது பாருங்கோ."

"நீர் அந்தக் கப்டன்ர கதையை ஒரு சொல் விடாமல் வடிவாய்க் கேட்டிருக்கிறீர், சோதி."

சோதிலிங்கத்தின் முகம் கறுத்தது. கரண்டியால் பாயாசத்தைக் கிண்டினார். "அந்தக் கப்டன் பிறகு என்ன செய்தவர்? அடுத்த வருசம் எல்லாரும் அழுதுகொண்டு வந்து அவரைத் தோளிலை தூக்கிக்கொண்டு போனதெண்டு சொன்னீங்களே."

"அது நான் கட்டினது. கடைசிப் பக்கம் நனைஞ்சு போச்சு. லெப்டினன்ட் வாங்கிக் குடுத்த ரம்மை அவரும் வரிசையிலை நிண்டு குடிச்சார். புத்தகத்திலை அவ்வளவுதான் கிடக்கு."

சோதிலிங்கத்தின் மனைவி இராசமலர் பாயாசச் சட்டியோடு வந்தார். "அண்ணை, இன்னும் கொஞ்சம் விடட்டோ?"

குணரத்தினத்தின் கை பழக்க தோசத்தில் கிண்ணத்தை மூடப் போயிற்று. அவர் அதைப் பிடித்து மடியில் வைத்தார்.

"ஓம். விடுங்கோ தங்கச்சி. நிரம்ப விடுங்கோ."

இராசமலர் திகைத்துப்போனார். அந்த வீட்டில் முதல் கேள்விக்கே ஓம் சொன்ன முதல் விருந்தாளி அவர்தான். பிறகு கணவரின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு?" என்றார். சோதிலிங்கம், "எனக்கு வேண்டா..." என்று தொடங்கி, குணரத்தினத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார்.

பாயாசம் நன்றாகத்தான் இருந்தது. குணரத்தினம் ஒரு முந்திரிகைவற்றல் மிச்சமில்லாமல் குடித்து முடித்தார்.

வெளிக்கிடும்போது வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. குனிந்து தன்னுடையதைத் தேடி ஒன்றைக் காலில் மாட்டினார். உள்ளேயிருந்து யாரோ உரத்துக் கூப்பிட்டார்கள்.

"தலைவர்!"

குணரத்தினம் விறைப்பாக நிமிர்ந்தார். "ஓம்," என்று திரும்பினார்.

கூப்பிட்டவர் கூடத்தின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே சோதிலிங்கம் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இவர் சொன்ன ஓம் யாருக்கும் கேட்டிருக்காது. கூரையில் மழை அவ்வளவு சத்தமாய்ப் பெய்துகொண்டிருந்தது. குணரத்தினம் மற்றச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் வெறும் மேஸோடு, அந்தக் காலுறை நனைய, பஸ் தரிப்பிடம் வரைக்கும் நிமிர்ந்தே நடந்து போனார்.