நாலாவது கட்டில்

கமலாசனிக்கு இது கடைசித் தவணை. போன முறை செய்முறைப் பரீட்சையில் கோட்டை விட்டாயிற்று. இம்முறையும் தவறினால் டொக்டர் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்கள். கட்டிலுக்கு ஒரு நோயாளி, புள்ளி போட ஒரு பரீட்சகர். மணி அடித்தால் அடுத்த கட்டிலுக்கு ஓடவேண்டும். பரீட்சகர் வாய் திறக்கக்கூடாது.

நாலாவது கட்டிலில் துடிப்புக்கு நடுவே இரைச்சலாய்க் கேட்கும் இதய முணுமுணுப்பு உள்ளவர்தான் வருவார் என்பது விடுதி முழுக்கத் தெரிந்த இரகசியம். எப்படித்தான் மோப்பம் பிடிப்பார்களோ! ஆனால் கொழும்பில் குண்டு வெடித்ததால் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்களை மறித்துச் சோதனை. அந்த நோயாளி வந்து சேரவில்லை. இருமலுக்கு மருந்தெடுக்க வந்த தையற்காரர் பாரூக்கைக் கெஞ்சிக் கூத்தாடிப் படுக்க வைத்திருந்தார்கள். மாணவர் எவருக்கும் இது தெரியாது.

கமலாசனி இடப்பக்க நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். முணுமுணுப்பு எங்கே? துடிப்பே பக்கத்து வீட்டுச் சத்தம்போல எங்கோ கேட்டது. கேட்டதாகச் சொன்னால் பாஸ். பொய் தொண்டைவரை வந்துவிட்டது. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. உள்ளங்கையை மார்பில் வைத்து மெல்ல நகர்த்தினாள்.

வலப்பக்கத்தில், கைக்குக் கீழே, இதயம் ஓங்கி அடித்தது.

அம்மாடி, அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வயிற்றைத் தட்டிப் பார்த்தாள், வலப்பக்கம் இருக்கவேண்டிய ஈரலும் இடப்பக்கம். புத்தகத்தில் ஒரே வரியில் படித்துக் கடந்த அதிசயம்! கலவரத்துக்கும் குண்டுக்கும் நடுவில், ஊரடங்கில் முடங்கி, இந்த மனிதர் சட்டை தைத்துப் பிள்ளைகளை வளர்த்த காலமெல்லாம், ஒருவருக்கும் தெரியாமல் அது தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. பரீட்சை மறந்தே போயிற்று.

"நானா," என்று அண்ணனை அழைப்பதுபோல் அழைத்தாள். "உங்கட இதயம் வலப்பக்கம் இருக்கு. முன்னம் ஆரும் சொன்னவையோ?"

"இல்லியே மிஸ். மௌத்தாகிருவேனா?" சாவுப் பயத்தில் பாரூக் எழும்பப் பார்த்தார்.

"இல்லை நானா. பிறக்கேக்கையே அப்பிடித்தான். நல்லா அடிக்குது."

மணி அடித்தது. அவள் அசையவில்லை. பரீட்சகர் யோகேந்திரன், சிரித்தறியாத மனிதர், கதிரையை விட்டு எழுந்து வந்து வலப்பக்கத்தில் தன் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"இவரைக் கிடத்தினது நான்தான்," என்றார் கடைசியில். "இதயம் நோமல், ஒரு குறையுமில்லை எண்டு எழுதிப்போட்டு இருந்தன். முன்னம் வந்தவை எல்லாரும் முணுமுணுப்புக் கேக்குது எண்டவை. ஒருத்தரும் காது குடுக்கேல்லை. நானும்தான்."

அவள் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"அடுத்த கட்டிலுக்குப் போங்கோ, டொக்டர்."