முத்தின காய்

முனிகிருஷ்ணன் இட்லிப் பொட்டலத்தோடு வார்டுக்குத் திரும்பியபோது மகள் யமுனாவின் கட்டில் காலியாகக் கிடந்தது. துணிப்பையும் இல்லை. பக்கத்துக் கட்டில் மல்லிகாதான் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

"உங்க வூட்டம்மா இப்பத்தான் பொண்ணக் கூட்டிக்கினு போச்சுண்ணா. திருச்சானூர் கோயில்ல தாயாரப் பாத்துட்டு அப்படியே ஊருக்காம். எனக்குக்கூட சக்கரை குடுத்துச்சு."

"ஊருக்கா? நாளைக்கு ஆபரேசன்!"

"அதான் வேணாமே. சின்ன டாக்டரம்மா வந்து சொல்லிச்சாமே, முத்திடுச்சுன்னு."

அவன் பொட்டலத்தை அவள் கட்டில்மேல் போட்டுவிட்டு ஓடினான்.

அவன் வம்சத்தில் எலும்பில் காய் காய்க்கும். முழங்கால், மணிக்கட்டு, தோள், விலா, எங்கே வேண்டுமானாலும். அப்பனுக்கு இருந்தது. அவனுக்கு இருக்கிறது, இடது கை கோணிக்கொண்டதே அதனால்தான். மகன் தமிழ்செல்வன் தப்பித்தான், மகள் மாட்டிக்கொண்டாள். ஆந்திராவில் பங்காருபாளையத்து மாந்தோப்புகளில் கூலிக்குக் காய் பறித்தே வளர்ந்த சனம், அதனால் இதற்கும் காய் என்றே பேர் வைத்துவிட்டார்கள். பிள்ளை வளர வளரக் காயும் வளரும். இருபது வயது வாக்கில் பிள்ளையின் வளர்த்தி நின்றால் காயும் நின்றுவிடும். அதைத்தான் அந்த வீட்டில் 'முத்திடுச்சு' என்பார்கள். அன்றைக்குப் பாயசம் வைப்பார்கள். வியாதி கை மீறிப் போனாலும் ஊரார் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில், காயைப் பற்றி அந்தச் சொல் வந்தால், பிழைத்தோம் என்று அர்த்தம்.

யமுனாவின் இடுப்புக் காயும் முத்தியதுதான். இருபத்து நாலு வயதில் அது மறுபடி வளர ஆரம்பித்தது. சித்தூரில் படம் எடுத்தவர் உடனே திருப்பதிக்குப் போகச் சொன்னார். திருப்பதியில் சதையைக் கிள்ளிப் பரிசோதித்த பெரிய டாக்டர், காய் புற்றாகிவிட்டது என்றார். இந்தப் புற்று மருந்துக்கும் மசியாது, கதிர்வீச்சுக் கரண்டுக்கும் மசியாது. காலை இடுப்போடு எடுக்க வேண்டும். எடுத்தால் பிழைக்க வழி உண்டு. நுரையீரலுக்கு ஏறிவிட்டால் அதுவும் இல்லை. கையெழுத்துப் போட வேண்டியவள் என்பதால் யமுனாவிடம் சொன்னார்கள். மனைவி சென்னம்மாவிடம் முனிகிருஷ்ணன், காயை எடுக்கப்போகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டான். அவள் ஒப்பாரியை அவனால் தாங்க முடியாது. அவ்வளவுதான் காரணம்.

ஷேர் ஆட்டோக்காரன் ஆள் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தினான். முனிகிருஷ்ணன் கெட்ட வார்த்தையில் கத்தினான். நாலு பேர் காசையும் சேர்த்துத் தருவதாகச் சொன்ன பிறகே வண்டி வேகமெடுத்தது.

கோயில் குளத்தங்கரையில் இருந்தார்கள். யமுனா படியில் காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தாள். பல நாளாகவே அந்தக் கால் மடங்குவதில்லை. சென்னம்மா தாயாருக்குச் சாத்த வாங்கிய புடவையை மார்போடு அணைத்திருந்தாள்.

"வாய்யா வா! முத்திடுச்சாம்யா! அந்த டாக்டர் பொண்ணு எங்கிட்டயே சொல்லிச்சு. தெலுங்குல முதிரிந்தி, முதிரிந்தினு ரெண்டு வாட்டி சொல்லிச்சு."

சென்னம்மா குடியாத்தத்துக்காரி. சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத் தெலுங்கு தெரியும். யமுனா அப்படியில்லை, ஒன்றாம் வகுப்பிலிருந்து தெலுங்கில் படித்தவள். முனிகிருஷ்ணன் அவளைப் பார்த்தான். அவள் குளத்தைப் பார்த்தாள்.

"உனக்குப் புரிஞ்சுது இல்ல?"

"புரிஞ்சுது நைனா."

"அப்பறம் இன்னாத்துக்கு எழுந்து வந்த?"

"அம்மா சிரிச்சுது. நான் பையை எடுத்துக்கினேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"உனக்குக் கை கோணல், எனக்குக் கால் இல்ல. நடுவுல அம்மாவ நிக்க வெச்சு போட்டோ புடிச்சு மாட்டலாம். நான் வரல."

"கால் இல்லியா? இன்னாடி பேசற? இன்னாய்யா சொல்றா இவ?" என்றாள் சென்னம்மா.

"சென்னம்மா, அது நம்ம வூட்டு முத்திடுச்சு இல்ல. ஊரு சொல்ற முத்திடுச்சு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் புடவையைப் படியில் வைத்தாள். புருசனை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கை ஓங்காதவள்.

"எங்கிட்ட சொல்லல இல்ல நீ?"

பதிலுக்குக் காத்திராமல் மகளின் அக்குளில் கை கொடுத்தாள்.

"எழுந்திருடி."

"வெட்டினா செத்துருவேம்மா."

"காலு இல்லாம என் மூஞ்சில துப்பிக்கினு கெட. குந்தின எடத்துலயே துன்னு, நான் ஊட்டறேன். ஆனா இருடி."

யமுனா தாயைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, எதிர்ப்பக்கம் போனாள். மூன்றாவது எட்டில் இடுப்புக்குள் எதுவோ இற்று விழுந்ததுபோல் சரிந்து வீறிட்டாள். தலைமுடி அவிழ்ந்து, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"அம்மவாரு வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் ஓடிவந்து கும்பிட்டார்கள். ஒருத்தி அவள் நெற்றியில் குங்குமத்தை அள்ளி அப்பினாள். இன்னொருத்தி, என் மகனுக்கு வேலை கிடைக்குமா தாயே என்று கேட்டாள்.

"சாமியும் இல்ல பூதமும் இல்ல. வழி வுடுங்க!" என்று முனிகிருஷ்ணன் கத்தினான். அதையும் அருள் வாக்கைப்போல் கேட்டுக்கொண்டு, கும்பிட்ட கை கும்பிட்டபடியே வழி விட்டார்கள். அவன் தோள்பக்கம் தூக்க, சென்னம்மா காலைத் தாங்கினாள். எடுக்கப்போகிற காலை, பச்சைப் பிள்ளையைப்போல் இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள்.

ஆட்டோவில் படுக்க வைத்தபோது யமுனா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டே பேசினாள்.

"வலிக்குது நைனா. ஊசி போடச் சொல்லு. ஊசி மட்டுந்தான். சரியா?"

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு, டிரைவரிடம் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னான்.