இடதுபக்கத் தூணின் பொறுப்பாளி

சகலருக்கும் அறியத் தருவது: அக்கரப்பத்தனைக்கு மேலேயிருக்கும் நம் தோட்டத்து மேல் டிவிஷனின் வரலாறு இனிமேல் இரண்டாகப் பிரித்தே எழுதப்படும். மாரியம்மன் கோயில் நுழைவு வளைவின் இடதுபக்கத் தூண் விழுவதற்கு முன், விழுந்த பின். எழுத இதுவரை யாரும் முன்வரவில்லை என்பது வேறு விஷயம்.

தூணை விழுத்தியது ஒரு பிஸ்கட் லொறி. புதன்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் கலைந்த கையோடு, கடைக்குச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே வந்து இடித்தது.

கோயில் கமிட்டித் தலைவர் சோலைமலை அந்நேரம் நுவரெலியா ஆஸ்பத்திரியில் வாயைப் பிளந்து கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பதினொரு வருடத் தலைமையில் டிவிஷனில் நடந்த ஒரே பெரிய சம்பவம். அதற்கு அவர் இல்லை. வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி நாகலெட்சுமிதான் செய்தியைச் சொன்னாள்.

"எந்தத் தூணு?"

"இடதுபக்கம். ஜெயகாந்தன் அண்ணன் கட்டிக்குடுத்தது."

சோலைமலைக்குப் பாதி வலி அந்த இடத்திலேயே குறைந்தது. கொழும்பில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஜெயகாந்தன், வந்த சூட்டோடு எழுப்பிய தூண் அது. 'உபயம்: பெ. ஜெயகாந்தன்' என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது; கோயிலுக்குள் நுழைகிற எவரும் அம்மனுக்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும். தலைவரின் உபயம் உள்ளே ஒரு டியூப்லைட்டில் இருந்தது. அது எரிவதில்லை.

சந்தோஷம் தேத்தண்ணி ஆறும்வரைகூட நிற்கவில்லை.

"லொறிக்குப் பின்னால நின்னு கை காட்டுனதும் அவருதானாம்," என்றாள் நாகலெட்சுமி. "நிப்பாட்டுன்னு கத்தியிருக்காரு, டிரைவருக்குக் கேக்கலையாம். கிட்ட இருந்து பாத்த ஒரே சாட்சி அவருதான்."

தோட்டத்து ரோட்டில் லொறி பின்னால் எடுத்தால் ஊர்க்காரர் ஒருவர் பின்னே நின்று அதன் உடம்பில் தட்டி, "வரட்டும், வரட்டும்" என்று சொல்ல வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. சோலைமலை ஊரில் இருக்கும்போது வேறு எந்தக் கையும் லொறியைத் தொட்டதில்லை. ஒரு பல்லுக்காகப் போன இடைவெளியில் ஜெயகாந்தன் அதையும் பறித்துக்கொண்டான்.

அடுத்த மூன்று நாளும் டிவிஷனில் ஜெயகாந்தன் ராஜ்யம். கோயில் முற்றத்தில் அவன் சாய்ந்து காட்டினான், குனிந்து காட்டினான், லொறியாகவே மாறிப் பின்னால் நடந்தும் காட்டினான். பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்து லோஜினி டீச்சர், பிள்ளைகளுக்கு வீதிப் பாதுகாப்புப் பற்றி நாலு வார்த்தை பேச அவனைக் கூப்பிட்டார்.

"தூணை இடிக்க வெச்சவன் வீதிப் பாதுகாப்பு சொல்றானா?" என்றார் சோலைமலை.

"நீங்க இருந்திருந்தா உங்களையும் கூப்பிட்டிருப்பாங்க. பல்லப் பத்திப் பேசச் சொல்லி."

அன்று அவர் சோறு தின்னவில்லை. பல்வலி என்று சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை லொறிக் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் அதிகாரி அதே லொறியில் வந்தார். கூடவே, வேலை போய்விடுமோ என்று முகம் வெளிறிப்போன டிரைவர் நிப்ராஸ். கோயில் முற்றத்தில் இரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். ஒன்று அதிகாரிக்கு. மற்றதில் ஜெயகாந்தன், இஸ்திரி போட்ட சட்டையோடு. கமிட்டித் தலைவர் பதினொரு வருடத்தில் முதல் தடவையாக நின்றுகொண்டிருந்தார்.

"டிரைவர் மேல பிழைன்னா கம்பெனி தூணைக் கட்டிக்குடுக்கும்," என்றார் அதிகாரி. "அதத் தீர்மானிக்கத்தான் வந்தேன். வண்டிக்குப் பின்னால நின்னு வரச் சொன்னது யாரு?"

ஜெயகாந்தன் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் சோலைமலைக்குப் பல் பிடுங்கிய குழியில் போய்த் தைத்தது.

"நான்தாங்க சேர்," என்று முந்திக்கொண்டார் சோலைமலை.

வெளியாள் முன்னால் தலைவர் பேச்சை மறுப்பதில்லை என்பது டிவிஷன் வழக்கம். மறுப்பெல்லாம் வெளியாள் போன பிறகுதான். நாகலெட்சுமி மட்டும் முணுமுணுத்தாள். "ஏங்க, அன்னைக்கி ஆஸ்பத்திரியில..."

"நீ சும்மா இரு. சேர், இந்த டிவிஷன்ல என் கை படாம ஒரு லொறி திரும்புனது கெடையாது. ரெண்டு தட்டு தட்டி, வரட்டும் வரட்டும்னு நான்தான் சொன்னேன்."

ஜெயகாந்தன் கொழும்பு பார்த்தவன். ஒரு நொடி யோசித்தான். பிறகு எழுந்து, கதிரையைத் துண்டால் தட்டிவிட்டான்.

"தலைவரு சொன்னா சரிதாங்க. உக்காருங்க தலைவரே."

இவ்வளவு சுலபமாக இடம் கிடைக்கும் என்று சோலைமலை எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்தார். அதிகாரி நிப்ராஸைப் பார்த்தார்.

"இவருதானா?"

வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கிற மனிதரை நிப்ராஸ் நன்றியோடு பார்த்தான். "இவருதான் சேர். நல்லா ஞாபகம் இருக்கு."

"நீங்க கோயில்ல என்னவா இருக்கீங்க?"

"கமிட்டித் தலைவருங்க. பதினோரு வருசமா. அதையும் எழுதிக்குங்க."

அதிகாரி எழுதினார், கோடும் போட்டார். சோலைமலை கையெழுத்து வைத்து, இடுப்புப் பையில் எப்போதும் இருக்கும் கமிட்டி முத்திரையை எடுத்து அழுத்திக் குத்தினார். அதன் பிறகுதான் அதிகாரி வாசித்துக் காட்டினார்.

"தூணின் சொந்தக்காரரான கோயில் கமிட்டியின் தலைவரே பின்னால் நின்று வண்டியைத் தூண்வரை வரவழைத்திருக்கிறார். ஆகவே சாரதிக்கோ கம்பெனிக்கோ பொறுப்பு இல்லை."

லொறி போன திசையில் நிப்ராஸின் சீழ்க்கை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. வெளியாள் போய்விட்டதால் டிவிஷன் வாயைத் திறந்தது.

மறுநாள் கமிட்டி கூடியது. தலைமை சோலைமலை. பல் பிடுங்கிய ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டை அவர் எல்லோருக்கும் காட்டினார். அதில் நாளும் நேரமும் தெளிவாக இருந்தன.

"நானே நின்னேன்னு முத்திரை குத்திக் குடுத்துட்டீங்களே தலைவரே," என்றான் ஜெயகாந்தன், மிகுந்த வருத்தத்தோடு.

இடித்தவர் இருந்தது இருந்தபடியே கட்டித் தர வேண்டும் என்று ஏகமனதாக முடிவானது. சோலைமலை கல் சுமந்தார், மணல் சலித்தார், மாசிக்குள் தூணை எழுப்பினார். கடைசி நாள் பெயின்டர் வந்து, பழைய இடத்தில் பழையபடியே எழுதினார்: உபயம்: பெ. ஜெயகாந்தன்.