பச்சைக்கல் மோதிரம் போட்ட கை

கொஞ்சம் நகர்ந்து, காற்று வரும் இடத்தில் உட்காருங்கள், கண்ணுகளா. இது வெயிலில் நடந்த கதை.

சிலிகி ரோட்டில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழே இரண்டு கடைகள் ஒட்டியபடி இருந்தன. ஒன்று தனசேகரனின் துணிக்கடை. அடுத்தது சாகுல் ஹமீது அத்தரும் குடையும் பெட்டியும் விற்ற கடை. இரண்டுக்கும் முன்னால், மாடி நிழலில் ஓடும் ஒரே அஞ்சடிப் பாதை. மழை வந்தால் இரண்டு பேரும் அதில் ஒரே பெஞ்சியைப் போட்டு உட்கார்ந்து வம்பளப்பார்கள்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோட்டுக் கோயிலுக்குப் போகும் காவடிகளெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வெறுங்கால். உச்சி வெயிலில் தார் இளகிக் கிடக்கும். சாகுல் பாய் அங்கே பந்தல் போட்டு, பீப்பாய்களில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் வைத்து, வருகிற கால்களிலெல்லாம் ஊற்றுவார். அவருடைய வாப்பா காலத்திலிருந்து அப்படி. தனசேகரனோ, மகளுக்கு விஷக்காய்ச்சல் தெளிந்த நாளிலிருந்து ஆண்டுதோறும் காவடி எடுத்தார். அவர் காலில் ஊற்றும்போது மட்டும் பாய், "பளுவா இருக்கா சேகரு? கல்லாவுல உக்காந்தே தின்னா இப்படித்தான் லா" என்பார். வாயில் அலகு குத்தியவர் பதில் சொல்ல முடியாதே! அதற்காகவே சொல்வார்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு. தேர்தல் வரப் போகிறதென்று ஊரே நிலைகொள்ளாமல் கிடந்தது. தொழிற்சங்கக்காரர்கள் தெருத்தெருவாகக் கொடி பிடித்தார்கள். அவர்களைக் கண்டு பயந்த கடைக்காரர்கள் ஒரு கட்சி வைத்திருந்தார்கள். வேலைநிறுத்தம் கூடாது, வரி ஏறக் கூடாது, எதையும் அவசரப்பட்டு மாற்றக் கூடாது. அவ்வளவுதான் அவர்கள் கொள்கை. தேநீரும் பிஸ்கட்டும் வைத்துக் கூட்டம் போடுவார்கள். மதத்தைப் பற்றி அங்கே யாரும் வாய் திறந்ததில்லை. அந்தக் கட்சி தனசேகரனுக்கு சீட் தருவதாகச் சொல்லியிருந்தது. மனிதருக்கு அது பெரிய ஆசை. கண்ணாடி முன்னால் நின்று அவர் பேசிப் பார்ப்பது என் மாடி வரைக்கும் கேட்கும்.

கட்சியிடம் பிஸ்கட் இருந்தது. சுவரொட்டி ஒட்ட ஆள் இல்லை. ஆள் பரமசிவத்திடம் இருந்தது. அவர் தர்ம காவல் சபை என்று ஒன்று நடத்தினார். 'தர்மக்கொடி' என்ற மாலைப் பத்திரிகையும் அவருடையதுதான். தேர்தல் வரைக்கும் இந்தச் சபையை வைத்துக்கொள்வோம், பிறகு அனுப்பிவிடலாம் என்று கட்சிப் பெரியவர்கள் நினைத்தார்கள். பரமசிவமும் அவர்களைப் பற்றி அப்படித்தான் நினைத்தார்.

பத்திரிகை முதலில் பொதுவாகப் புலம்பியது: பக்தி குறைந்துவிட்டதாம். பிறகு, நம் திருவிழாவில் மற்றவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டது. கடைசியில், "அடியார் பாதத்தில் அந்நிய மதத்தான் கை படலாமா?" என்று கொட்டை எழுத்தில் போட்டது. பெயர் போடவில்லை. சிலிகி ரோட்டில் யாருக்குப் பெயர் வேண்டும்?

அந்த வாரமே பரமசிவம் துணிக்கடைக்கு வந்தார்.

"பந்தல் போடுற எடத்துல நம்ம மேடை வரணும் தனசேகரன். நீங்க காவடியோட வந்து நிக்கிறீங்க, மாலை போடுறோம், படம் எடுக்கிறோம். கட்சியிலயும் சொல்லியாச்சு."

"அது பாய் வருஷா வருஷம் போடுற பந்தலாச்சே..."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். பக்கத்துக் கடைக்காரர் நீங்க. ஒரு வார்த்தை சொன்னா எடுத்துருவாரு. அதைக்கூடச் சொல்ல முடியாதவருக்கு எதுக்கு சீட்?"

துணி மடித்துக்கொண்டிருந்த பாக்கியலட்சுமி, தனசேகரனின் மனைவி, தலை நிமிராமலே சொன்னாள்: "உக்கார எடம்தானே வேணும்? நம்ம கடையிலயே ஸ்டூல் கிடக்கு."

பரமசிவம் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தனசேகரன் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அஞ்சடியில் போவதும் வருவதுமாக இருந்தார். அத்தர்க் கடை வாசல் வரை போவார், குடை ஒன்றை விரித்துப் பார்ப்பார், திரும்பிவிடுவார். சாயங்காலம் பாயே கூப்பிட்டார்.

"சேகரு, இப்படி விரிச்சு விரிச்சுப் பார்த்தா குடை உடைஞ்சுரும். பேப்பரை நானும் படிச்சுட்டேன். நீ எதுவும் சொல்ல வேணாம். இந்த வருஷம் பந்தல் இல்ல."

"பாய், நான்..."

"நீ சொல்லிட்டேன்னு வை, அப்புறம் உன்னால என் மூஞ்சியப் பார்க்க முடியாது. போய் வேலையப் பாரு."

உள்ளேயிருந்து பாயின் மனைவி மைமூனின் குரல் வந்தது: "ஆமா, நல்லா விட்டுக்குடுங்க! இன்னிக்குப் பந்தலு, நாளைக்கு அஞ்சடியில நடக்கக் கூடாதும்பாங்க!"

தைப்பூசம் வந்தது. மேடை எழும்பியது, ஒலிபெருக்கி கட்டினார்கள், தோரணம் கட்டினார்கள். பாய் கடைப் பலகைகளைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். நான் மாடி ஜன்னலில் நின்றேன். காவடிகள் வரத் தொடங்கிய பிறகுதான், கண்ணுகளா, மேடைக்குக் கீழே ஒரு பரபரப்பு.

"தண்ணி எங்கடா?" என்று கத்தினார் பரமசிவம்.

"இங்கதாண்ணே எப்பவும் இருக்கும்" என்றான் ஒரு தொண்டன்.

அவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல. பிறந்ததிலிருந்து தைப்பூசம் பார்த்தவர்கள். அந்த மூலையில் விளக்குக் கம்பம் நிற்பதுபோல் தண்ணீரும் தானாக நிற்கும் என்று நினைத்துவிட்டார்கள். பாயை எடுத்தால் தண்ணீரும் போய்விடும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

தனசேகரன் மேடை முன்னால் வந்து நின்றார். ஒலிபெருக்கியில் அவரைப் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். அவர் ஒரு காலை எடுத்து மறு காலின் மேல் வைத்தார், மாற்றினார், மறுபடி மாற்றினார். காவடி சாய்ந்து ஆடியது. பின்னால் வந்த காவடிகளும் நின்றுவிட்டன. பாக்கியலட்சுமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிப் போய்ப் பலகையைத் தட்டினாள்.

"அண்ணே! தண்ணி!"

ஒரு பலகை திறந்தது. உள்ளே பீப்பாய்கள் நிரம்பி நின்றன. பழக்கத்தை விட முடியாமல் மைமூன் விடியற்காலையிலேயே மஞ்சள் கரைத்து வைத்திருந்தாள்.

"வாளிய எடுத்துட்டுப் போ தங்கச்சி. நீயே ஊத்து. என் கை வேணாம்."

"உங்க கையால ஊத்துறதா இருந்தா குடுங்க. இல்லன்னா அவரு வேகட்டும்."

பாய் வாளியோடு வாசலுக்கு வந்தார். ஒரு தொண்டன் குறுக்கே கையை நீட்டினான். பேச முடியாத தனசேகரன் அவனைப் பார்க்கக்கூட இல்லை. மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அத்தர்க் கடைப் படியில் வலது காலை வைத்தார். பாய் ஊற்றினார். பின்னாலிருந்த காவடிகளெல்லாம் அந்தப் படிக்கே திரும்பின. பத்திரிகைப் படக்காரனிடம் எதை எடுக்கச் சொன்னார்களோ தெரியாது. எதிரே நடந்ததை எடுத்தான்.

மறுநாள் தர்மக்கொடியில் படம் வந்தது. தனசேகரனின் முகமும் காலும் இருந்தன. பாயை வெட்டிவிட்டார்கள். ஒரு வாளியும் அதைப் பிடித்த கையும் மட்டும் மிச்சம். கீழே, "வேட்பாளரின் பாதம் குளிர்விக்கும் சபைத் தொண்டர்". அந்தக் கையில் ஓரம் உடைந்த பெரிய பச்சைக்கல் மோதிரம். அத்தர் வாங்கிய ஒவ்வொருவரும் பார்த்த மோதிரம்! பாய் படத்தைக் கடைக் கண்ணாடி அலமாரியில் ஒட்டி, "என் கை சபையில சேர்ந்துருச்சு, நான்தான் இன்னும் சேரல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ரோடே சிரித்தது.

சிரிப்பு கட்சிக்கும் எட்டியது. பரமசிவம் கட்சிச் செயலாளர் வடிவேலுவோடு துணிக்கடைக்கு வந்தபோது நான் ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலக் கூட்டத்துல நீங்க ஒண்ணு சொல்லணும். அது எங்க தொண்டர் கைதான்னு" என்றார் பரமசிவம். "கால் உங்களோடது. நீங்க சொன்னா நம்புவாங்க."

தனசேகரன் ஒரு துணிச் சுருளை இறக்கி, பிரித்து, மறுபடி சுருட்டினார். அலகு குத்திய நாக்கு இன்னும் ஆறவில்லை.

"அது பாய் கைங்க."

"வேட்பாளர் பட்டியல்ல உங்க பேரு இன்னும் அச்சாகல."

"அப்ப அச்சடிக்காதீங்க."

பரமசிவம் எழுந்து போய்விட்டார். வடிவேலு மட்டும் வாசலில் தயங்கினார். "எங்களுக்கும் இது பிடிக்கலதான், தனசேகரன். ஆனா ஆளுங்க அவங்ககிட்டல்ல இருக்காங்க?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் தனசேகரன்.

சீட் பரமசிவத்தின் ஆளுக்குப் போனது. தேர்தலில் கட்சி படுதோல்வி. கொஞ்ச நாளில் பிஸ்கட் கூட்டங்களும் நின்றுபோயின. சபை நிற்கவில்லை. பத்திரிகையும் நிற்கவில்லை. தனசேகரன் விலைபோனவர் என்று எழுதியது. அவர் கடையில் துணி எடுத்துவந்த சிலர் எதிர்ப்பக்கமாக நடந்துபோனார்கள்.

அடுத்த தைப்பூசத்துக்குச் சபை தண்ணீரை மறக்கவில்லை. அதே மூலையில் புதுப் பீப்பாய்கள், யார் ஊற்றலாம் என்று எழுதிய ஓர் அறிவிப்பு, பக்கத்தில் தடியோடு ஆட்கள். தனசேகரன் காவடியோடு வந்தார். அந்தப் பீப்பாய்களைத் தாண்டி, சாத்தியிருந்த அத்தர்க் கடைப் படியில் காலை வைத்தார். ஒரு பலகை விலகியது. பாய் ஒரே ஒரு வாளியோடு நின்றார். ரோட்டின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவசரமாக ஊற்றினார். பளுவா இருக்கா என்று கேட்கவில்லை.

"போ சேகரு" என்றார். "நிக்காத. போ."