வாசம் வெளியே போகாத கூடாரம்

யுவனுக்குத் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. வீடு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம், அதுவும் கடற்கரைக் குப்பம் என்று சொன்னதுமே வீட்டுக்காரர்களின் பேச்சு சுருங்கிவிடும். மருத்துவக் கல்லூரிச் சாலைக்குப் பின்னால் ஒரு தெருவில், மங்களநாயகி அம்மாள் தன் வீட்டின் கீழ்ப்பகுதியைச் சுற்றிக் காட்டிவிட்டு, "நீங்க சைவந்தானே?" என்று கேட்டபோது யுவன் தலையை ஆட்டிவிட்டான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி சுவேதா குனிந்து தரையைப் பார்த்தாள்.

அம்மாள் மாடியில் இருந்தார். மேலே போகிற படி கீழ்வீட்டு அடுப்படி ஜன்னலை ஒட்டித்தான் ஏறியது. எப்போதாவது ஓட்டலில் மீன் சாப்பிட்டுவிட்டு வந்தால்கூட, சுவேதா வாயைக் கொப்பளித்து, துப்பட்டாவை முகர்ந்து பார்த்த பிறகுதான் கேட்டைத் திறப்பாள். பிறந்ததிலிருந்து மீன் வாடையிலேயே வளர்ந்தவள் அவள். அப்பா காயாரோகணம் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இப்படி ஒரு பொய்யில் குடியிருக்கிறோம் என்று அவரிடம் அவள் சொல்லவேயில்லை.

சும்மா இருக்க முடியாமல் காளான் வளர்க்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு, பின்னறையில் சிப்பிக் காளான் போட்டாள். அம்மாளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் காளான் பைகளில் அடைக்க வேகவைத்த வைக்கோலின் புளித்த நாற்றம் மாடிவரைக்கும் ஏறியது. அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

அதற்காகத்தான் கூடாரம் வந்தது. ஆளுயரத்துக்குக் கறுப்புத் துணி, உள்பக்கம் வெள்ளி நிறம், முன்னால் ஜிப். உச்சியில் காற்றை உறிஞ்சும் விசிறி. அதற்கு முன்னால், பேராவூரணியிலிருந்து வரவழைத்த கொட்டாங்கச்சிக் கரியை அடைத்த சல்லடை உருளை. நாற்றத்தை அந்தக் கரி பிடித்துக்கொள்ளும். மிச்சக் காற்று மடிப்புக் குழாய் வழியாகப் பின்பக்கச் சந்துக்குப் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவரும் அதோடு மல்லுக்கட்டினார்கள். முதலில் விசிறியைத் தலைகீழாக மாட்டிவிட்டதில் கூடாரம் பலூன் மாதிரி உப்பி, வீடே நாறியது. சரியாக மாட்டியதும் துணிச் சுவர்கள் மூச்சை இழுத்த வயிறு மாதிரி உள்ளே ஒட்டிக்கொண்டன. சுவேதா ஊதுபத்தியைக் கொளுத்தி ஜிப் ஓரமாகப் பிடித்தாள். புகை உள்ளேதான் போனது. சந்துக்குப் போய்க் குழாய் வாயில் முகர்ந்து பார்த்தாள். வெறும் காற்று.

இதற்குள் மீன் பொரித்தால்கூட ஊருக்குத் தெரியாது என்று யுவன் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே இண்டக்‌ஷன் அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்து மத்தி பொரித்தாள். முதல் வாயில் கண் கலங்கிவிட்டது. காளான் பைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஜிப்பை இழுத்து மூடி, கிசுகிசுத்தபடி இருவரும் சாப்பிட்டார்கள். முள்ளையெல்லாம் பையில் சுருட்டி யுவன் மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் போட்டுவிடுவான். போகப்போக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாடியில் நாற்காலி நகர்ந்தாலே கை நின்றுவிடும். அப்படியும் விடமுடியவில்லை.

ஒரு வைகாசி மாதக் காலையில், யுவன் வேலைக்குப் போயிருந்தபோது காயாரோகணம் தோளில் தெர்மாக்கோல் பெட்டியோடு வந்து நின்றார். மகளுக்குப் பிடிக்குமே என்று கிழங்கான் மீனை ஐஸ் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். சுவேதா மாடியைப் பார்த்தாள். பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பின்னறைக்குக் கொண்டுபோனாள். அப்பா ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் விரலை உதட்டில் வைத்தாள். கூடாரத்துக்குள் அவரை உட்கார வைத்து, மீன் பொரிக்க எண்ணெயைக் காயவைத்தபடி, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சொல்லியிருந்தா வெறுங்கையோட வந்திருப்பேனேம்மா" என்றார்.

மீனைத் திருப்பிப் போடும்போது வாசலில் அம்மாள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அப்பாவை இருக்கச் சொல்லிவிட்டு, ஜிப்பை மூடி, சுவேதா கூடத்துக்கு ஓடினாள். அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சொந்தக்காரர்கள் வருகிறார்களாம், கொஞ்சம் காளான் வேண்டுமாம். அதிலிருந்து மருமகள், முட்டிவலி என்று பேச்சு நீண்டது. சுவேதா தலையை ஆட்டிக்கொண்டே விசிறியின் இரைச்சலில் காதை வைத்திருந்தாள்.

கரண்ட் போனது.

வீடே அமைதியாகிவிட்டது. பின்னறையில் கூடாரத் துணி தளர்ந்து தொங்குவது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. எண்ணெய்ப் புகையோடு அந்த வெக்கையில் அப்பா உள்ளே இருக்கிறார். ஜிப் உள்பக்கமிருந்தும் திறக்கும், அது அவருக்கும் தெரியும். அவர் திறக்கவில்லை. மகள் மானம் போய்விடக்கூடாது என்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அம்மாளைக் கிளப்ப சுவேதா ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். கரண்ட் வரட்டும் என்று அவர் முந்தானையால் விசிறிக்கொண்டார். அப்போது இருமல் கேட்டது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமுகிற இருமல். மறுபடியும் ஒன்று. கூடவே பொரித்த மீனின் வாசம் மெதுவாகக் கூடத்துக்கு வந்தது.

"உள்ள யாரு?" என்றார் அம்மாள்.

அதுவரை யோசித்து வைத்திருந்த பொய்யெல்லாம் சுவேதாவுக்கு மறந்துபோனது. "எங்கப்பா" என்றாள். எழுந்து போய் ஜிப்பைக் கீழிருந்து மேல்வரை இழுத்துத் திறந்தாள்.

காயாரோகணம் சட்டையெல்லாம் நனைந்து, கண் சிவந்து வெளியே வந்தார். அம்மாளைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். சுவேதாவால் அதைத்தான் தாங்கமுடியவில்லை. கடலில் எத்தனையோ காற்றில் படகைப் பிடித்துக் கரை சேர்த்தவர், தப்பு செய்த பிள்ளை மாதிரி நின்றார்.

"மீன் பொரிச்சேம்மா. எங்களுக்கு மீனில்லாம சோறு இறங்காது" என்றாள் சுவேதா.

அம்மாள் கத்தவில்லை. "மீன் திங்கிறது உங்க இஷ்டம். எங்கிட்ட பொய் சொல்லிட்டீங்களே" என்றார்.

"உண்மையச் சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களாம்மா?"

அம்மாள் எழுந்துகொண்டார். படியேறும்போது, ஆடி பிறப்பதற்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

கரண்ட் வந்ததும் சுவேதா அடுப்பைத் தூக்கிவந்து அடுப்படியில் வைத்து மிச்ச மீனைப் பொரித்தாள். அப்பா கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னார். மாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

வேலை முடிந்து வந்த யுவன் கேட்டுக்கு வெளியிலேயே வாசம் பிடித்துவிட்டான். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தான். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கோபப்பட்டான். அப்பா உள்ளே இருந்தார் என்றாள் அவள். அவன் தலையிலிருந்து கையை எடுத்தான்.

மறுபடியும் வீடு தேடினார்கள். சைவமா என்று கேட்ட இடத்திலெல்லாம் இந்தமுறை சுவேதாவே, மீன் சாப்பிடுவோம் என்று முந்திக்கொண்டு சொன்னாள். கதவுகள் மூடின. யுவன் பைக்கை உதைத்துக் கிளப்புவான். கடைசியில் வல்லம் பக்கம் கமருன்னிஸா என்பவரின் மாடியில் இடம் கிடைத்தது. தண்ணீர் விடும் நேரத்தில் குடங்களை நிரப்பிக்கொள்ள முடியுமா என்பது மட்டும்தான் அவர் கேட்ட கேள்வி. மேலே சிமென்ட் ஷீட். பகலில் கொதிக்கும். காளானுக்கு அந்தச் சூடு ஆகாது, கூடாரத்துக்கு இடமும் இல்லை. மன்னார்குடியில் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டாள்.

இப்போது அவள் யாருக்கும் பயப்படாமல் மீன் பொரிக்கிறாள். ஆனால் எண்ணெய் காய்ந்ததும் கை தானாகப் போய் ஜன்னலைச் சாத்திவிடுகிறது. சாத்திய பிறகுதான் நினைவு வருகிறது. திரும்பிப் போய்த் திறந்து வைக்கிறாள்.