அத்தானின் துவக்கும் அக்காவின் தகடும்

துவக்கு வாங்கிய அன்றே என் அத்தான் இரத்தினவேல் மானைச் சுட்டு, உரித்து, பங்கும் பிரித்துவிட்டார். எல்லாம் கனடாவில், டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடி வீட்டில், சோபாவில் இருந்தபடி. பின்கால் ஒன்று எனக்கு. ஈரலை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

அத்தானிடம் துவக்குக் கதைகள் இரண்டு இருந்தன. முதலாவது, இளவயதில் வன்னிக் காட்டில் ஒரே வெடியில் பன்றியை விழுத்தியது. அந்தக் காலத்தில் அவர் சங்கக்கடை மனேஜராக அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கும் என் அக்கா சந்திரவதனாவுக்கும் தெரியும். பன்றிக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, கனடாவுக்கு வந்த புதிதில் நடந்த அகதி விசாரணை. "துவக்கைக் கண்டால் கைகால் நடுங்கும் அம்மா எண்டு அந்த நீதவான் மனுசிக்கு முன்னால நடுங்கிக் காட்டினன் பார்! அவ கண்ணைத் துடைச்சுக்கொண்டு கேஸுக்கு ஓம் எண்டிட்டா." ஒவ்வொரு பார்ட்டியிலும் கையில் பியர் கிளாஸோடு அதை நடித்துக் காட்டுவார். பாதி பியர் கம்பளத்தில் ஊற்றுண்டு போகும். நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம்.

இந்தத் துவக்கு வந்ததற்குக் காரணம், அத்தான் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் அவருக்கு மேலாளாக இருந்த போமன் கேரி. ஒவ்வொரு நவம்பரும் கேரி தன் கூட்டாளிகளோடு வடக்கே மான் வேட்டைக்குப் போவான். தொண்ணூற்றைந்தில் அந்தக் கூட்டத்தில் ஒரு இடம் காலியானது. வன்னிப் பன்றியின் புகழ் தொழிற்சாலைவரை பரவியிருந்ததால், அத்தானை வரச் சொன்னான். ஆனால் முதலில் சுடுதளத்தில் ஒழுங்காகச் சுட்டுக் காட்டவேண்டும். ஓவர்டைம் செய்வாயா என்பதைத் தவிர ஒரு வெள்ளைக்காரனும் அதுவரை அத்தானிடம் ஒன்றும் கேட்டதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவனாகப் போய்வரவேண்டும் என்று மனுசன் துடித்தார். நக்கலடிக்கிற எனக்கே அது பாவமாக இருந்தது.

இடையில் சரஸ்வதி பூசை வந்தது. மற்ற வீடுகளில் புத்தகமும் தையல் மெசினும் வைக்கிற இடத்தில் அக்கா துவக்கைக் கிடத்தி, சந்தனப் பொட்டும் வைத்து, அவல் கடலை படைத்தார். கலைமகள் அதைப் பார்த்து என்ன நினைத்தாவோ தெரியாது.

அடுத்த சனிக்கிழமை ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் இருந்த சுடுதளத்துக்கு நானும் கூடப் போனேன். அத்தான் தொழிற்சாலைத் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தார். முதல் வெடி மண்ணில். இரண்டாவது எங்கே போனது என்று இன்றுவரைக்கும் தெரியாது. மூன்றாவது பக்கத்து ஆளின் இலக்கு மட்டையில் பட, அந்த ஆள் எழும்பி நின்று பார்த்தான்.

"துவக்குச் சரியில்லை. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றார் அத்தான். பிறகு காற்றைத் திட்டிப் பேசினார், வெடி ரவையைப் பேசினார், ரெலஸ்கோப்பைப் பேசினார். கடைசியில் கனடாவையே பேசினார்.

கேரி துவக்கை வாங்கி, குழலுக்கும் அதன் அடியில் இருக்கும் மரக்கட்டைக்கும் இடையில் ஒரு கடதாசியை விட்டு இழுத்தான். குழல் கட்டையில் முட்டக்கூடாதாம், முட்டினால் குறி தப்புமாம். கடதாசி பாதியில் நின்றது. திருகாணியைக் கழற்றிக் கட்டையைப் பிரித்தான். உள்ளேயிருந்து செம்புத் தகட்டில் மடித்து, மஞ்சள் நூலால் கட்டிய திருநீற்றுப் பொட்டலம் ஒன்று விழுந்தது.

"உது என்ர மனிசியின்ர வேலை!" அத்தானின் முகம் பூரித்துப்போனது. "பாத்தியே தம்பி? நான் அப்பவே சொன்னனான், பிழை துவக்கிலதான்!"

நான் பொட்டலத்தை எடுத்துப் பொக்கற்றில் வைத்தேன். கேரி கட்டையைப் பூட்டி, தான் மூன்று வெடி வைத்தான். மூன்று ஓட்டையையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடலாம். சிரித்துக்கொண்டே துவக்கை அத்தானிடம் திருப்பிக் கொடுத்தான்.

அத்தான் திரும்பப் படுத்தார். இந்த முறை நான் மட்டையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். விசையில் விரல் படமுன்னமே இரண்டு கண்ணையும் இறுக மூடினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. பார்ட்டி நடுக்கம் இல்லை. அதை யாரும் பார்க்கக்கூடாது என்று முழங்கையை நெஞ்சோடு அமத்திப் பிடித்திருந்தார். அந்தக் குளிரிலும் கழுத்து வியர்த்திருந்தது.

மட்டையில் ஒன்றும் படவில்லை. கேரியும் பார்த்திருக்கவேண்டும். இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லி, முதுகில் மெதுவாகத் தட்டினான்.

 திரும்பி வரும்போது, கார் மார்க்கம் ஊரைத் தாண்டுகிற இடத்தில் அத்தான் சொன்னார். "உன்ர கொக்கா என்ர துவக்கை நாசமாக்கிப்போட்டாள்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு நேரே போனேன். நல்ல பகிடி ஒன்று கிடைத்த சந்தோசம் எனக்கு. "அக்கா, உங்கட தகட்டிலயும் பிழை இல்லை, துவக்கிலயும் பிழை இல்லை. உங்கட வேட்டைக்காரன் கண்ணை மூடிக்கொண்டெல்லோ சுடுறார்!"

அக்கா சிரிக்கவில்லை. "அவருக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டுதான் அதை வைச்சனான். மே மாதம் இஞ்ச வாணம் விடுவாங்களெல்லே? அண்டைக்கு மனுசன் பாத்ரூமுக்க போய்க் கதவைப் பூட்டி, பைப்பைத் திறந்துவிட்டிட்டு இருக்கும். வாணம் முடிஞ்சாப்பிறகுதான் வெளியில வரும்."

"அப்ப அந்த விசாரணையில?"

"அங்க அவர் நடிக்கேல்லத் தம்பி. பார்ட்டியிலதான் நடிக்கிறவர்."

 எத்தனை வருடமாக அந்தக் கதைக்கு எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தவன் நான்.

மார்கழியில் அத்தான் வீட்டில் பார்ட்டி. மான் எங்கே என்று எல்லோரும் கேட்க, அத்தான் மூன்றாவது கதையை அவிழ்த்தார். "எங்கட மனிசி பூசை செய்து குழலுக்குள்ள தகடு வைச்சிட்டா. பிறகென்னெண்டு மான் விழும்?"

"ஓம், என்ர பிழைதான்" என்று அக்கா வடைத் தட்டத்தோடு வந்தார். வீடே சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

"அண்ணை, அந்த நீதவான் மனுசிக்கு நடுங்கின கதையையும் ஒருக்கா எடுத்துவிடுங்கோவன்!" என்று யாரோ கத்தினார்கள்.

அத்தான் கிளாஸைக் கையில் எடுத்தார். நான் எழும்பிப் போய் அதை வாங்கிக் கீழே வைத்தேன்.

"காணும், விடுங்கோ அத்தான். வடை ஆறுது, சாப்பிடுங்கோ."